ராத்திரியில் மூன்று, நாலு தடவை எழுந்திருக்கிறீர்களா? முதலில் ஓர் அளவுக் குவளை வாங்குங்கள்

துணியை அளக்காமல் நான் கத்தரி வைத்ததில்லை. 31 வருஷத் தையல். ஆனால் ராத்திரி மூன்று, நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்க ஆரம்பித்தபோது, எதையும் அளக்காமலேயே முடிவு கட்டிவிட்டேன். "58 வயசாச்சு, இனிமேல் இப்படித்தான்." என் வீட்டுக்காரருக்கு 66. அவரும் மூன்று தடவை எழுந்திருப்பார். "ரெண்டு பேருக்கும் சுகர்தான் வந்திருக்கும்" என்பது அவர் கட்சி. ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், யாருக்கும் சர்க்கரை இல்லை. நிம்மதியாக வந்து படுத்தோம். மறுபடியும் மாறி மாறி எழுந்தோம்.

ஒரே கட்டில், ஒரே கழிவறை, ஒரே தொந்தரவு. காரணம் மட்டும் ஆளுக்கொன்று. அது தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. தெரியவைத்தது மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை. நான் மருத்துவர் இல்லை. என் மருத்துவர் சொல்லிப் புரிந்ததையும், நானும் வீட்டாரும் செய்து பார்த்ததையும் சொல்கிறேன். உங்களுக்காவது அந்த ஒன்றரை வருஷம் மிச்சமாகட்டும்.

எத்தனை தடவை என்பது பாதிக் கேள்விதான்

தூக்கத்தின் நடுவே சிறுநீருக்காக விழித்து, போய் வந்து, திரும்பத் தூங்குவதை மருத்துவத்தில் நாக்டூரியா என்கிறார்கள். வயதானவர்கள் ஒரு தடவை எழுந்திருப்பது சகஜம், பலர் அதைப் பொருட்படுத்துவதுகூட இல்லை. இரண்டு தடவைக்குப் போகும்போதுதான் மறுநாள் பொழுது கெடுகிறது. எனக்கு ஊசியில் நூல் கோர்க்கும்போதே கண் சொருகும்.

மருத்துவரிடம் போய் "நாலு தடவை எழுந்திருக்கிறேன்" என்றேன். அவர் கேட்டது: "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது?" எனக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும், இருட்டில்?

அந்தக் கேள்விதான் முழு விஷயத்தையும் பிரிக்கிற இடம். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். ராத்திரி எழுந்த ஒவ்வொரு தடவையும் 250, 300 என்று நிறையப் போகிறது என்றால் பையின் மேல் குற்றமில்லை. அது நிரம்பியது, எழுப்பியது, அவ்வளவுதான். ராத்திரியில் சிறுநீரகம் ஏன் இவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதைத்தான் தேட வேண்டும். 80, 100 என்று கொஞ்சமாகப் போகிறது, ஆனாலும் அவசரம் எழுப்புகிறது என்றால் விஷயம் பையிலோ, அதன் வாசலிலோ இருக்கிறது. இரண்டும் இல்லாத மூன்றாவது வகையும் உண்டு: வேறு எதற்கோ விழிப்பு வந்து, விழித்தோமே என்று போய்விட்டு வருவது. பகல், இரவு இரண்டிலும் ஏராளமாகப் போனால் அது நாலாவது. சர்க்கரை நோயோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதோ, வேறு சில அபூர்வக் கோளாறோ இருக்கும். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும். வழிகிற சர்க்கரை தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சர்க்கரைப் பரிசோதனையை முதலில் முடித்துவிடச் சொல்கிறார்கள். எங்களைப் போல அதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் சண்டை.

மூன்று நாள் நோட்டு

வேண்டியவை: மில்லி கோடு போட்ட குவளை ஒன்று (500 மில்லி அல்லது அதற்கு மேல்), ஒரு நோட்டு, பேனா. குவளையும் நோட்டும் கழிவறையிலேயே இருக்கட்டும். வேறு எங்கே வைத்தாலும் ராத்திரி 2 மணிக்கு ஞாபகம் வராது. ஆளுக்கொரு குவளை, ஆளுக்கொரு நோட்டு.

மூன்று நாள், 24 மணி நேரமும் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வேண்டுமென்றில்லை. வீட்டிலேயே இருக்கிற நாட்களாகப் பார்த்து எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் நேரம், எத்தனை மில்லி, அவசரமா நிதானமா. குடித்தது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. படுத்த நேரம், காலையில் எழுந்த நேரம். நான் கூடுதலாக ஒன்று எழுதினேன்: என்னை எழுப்பியது எது? மூத்திரமா, சத்தமா, வியர்வையா, கால் குடைச்சலா. அந்த ஒரு வரி பின்னால் ரொம்ப உதவியது.

கணக்குப் போடுவதில் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. படுப்பதற்கு முன் போவது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் முதலில் போவது இரவுக் கணக்கு, ஏனென்றால் அது ராத்திரியில் உண்டானது. இரவுக் கணக்கை 24 மணி நேர மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு 33 சதவீதத்துக்கு மேலே, இளவயதினருக்கு 20 சதவீதத்துக்கு மேலே இருந்தால் ராத்திரி உற்பத்தி அதிகம் என்று அர்த்தம். நடு வயதுக்காரர்கள் நடுவில் எங்கோ.

என் முதல் நாள் பக்கம் இது. படுத்தது 10.30. 12.20-க்கு 310 மில்லி. 2.15-க்கு 270. 3.50-க்கு 190. காலை 6 மணிக்கு 170. ஆக இரவு 940. பகல் முழுக்க ஆறு தடவை போனதும் சேர்த்து 770தான். மொத்தம் 1,710, அதில் ராத்திரி பங்கு 55 சதவீதம். பகலைவிட ராத்திரி அதிகம்!

என் வீட்டுக்காரருக்கு 80, 100, 90, காலையில் 120. இரவு 390, மொத்தம் 1,420. 27 சதவீதம். இரவு உற்பத்தியில் ஒரு குறையுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அரை டம்ளருக்குக்கூடத் தேறவில்லை, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் மருத்துவர் சிரித்துவிட்டார். "ஒரே மாத்திரையை ரெண்டு பேரும் பங்கு போட்டிருந்தால் ரெண்டு பேருக்கும் கேட்டிருக்காது."

என் கணுக்கால்

மருத்துவர் என் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எடுத்தார். குழி அப்படியே நின்றது. எனக்கு ஆச்சரியமே இல்லை, சாயங்காலமானால் காலுறை விளிம்பு பதிந்திருப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும் ராத்திரியையும் முடிச்சுப் போடத்தான் தெரியவில்லை.

விஷயம் இப்படி. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் தேங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை பிழிந்து பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பம்பு ஓடாது. ராத்திரி படுத்ததும் காலும் இதயமும் ஒரே மட்டம். தேங்கின நீர் திரும்ப ரத்தத்தில் சேர்கிறது. 'அதிகமாக இருக்கிறதே' என்று சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பகலில் போயிருக்க வேண்டியதுதான் ராத்திரி போகிறது. படுத்த முதல் இரண்டு தடவைதான் எனக்கு அதிகம் (310, 270), பிறகு குறைகிறது, பாருங்கள்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 25 வருஷம் கால் மெஷினில் தைத்தேன், இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே. ஆறு வருஷத்துக்கு முன் முட்டி வலிக்கு இதமாக இருக்கும் என்று மோட்டார் போட்டேன். அதன் பிறகு வலது பாதம் மட்டும் பெடலில் லேசாக அழுத்தும், இடது கால் சும்மா கிடக்கும். கால் வீக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது என்பது என் கணக்கு. மருத்துவரிடம் சொன்னேன். "இருக்கலாம், நிரூபிக்க முடியாது" என்றார். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கால் வீக்கம் என்றால் உட்கார்ந்ததுதான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் எது தளர்ந்தாலும் கால் வீங்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். எனக்கு ஈசிஜி, இதய எக்கோ, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எல்லாம் பார்த்துச் சரியென்ற பிறகுதான் காலைத் தூக்கச் சொன்னார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை தேவைப்படுகிறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் செய்தது:

சாயங்காலம் 5 மணிக்கு மெஷினை மூடுவேன். தரையில் விரிப்புப் போட்டு மல்லாந்து படுத்து, கால்களைச் சோபாவின் மேல் வைப்பேன். இதயத்துக்கு மேலே கால் இருக்க வேண்டும், சும்மா முக்காலியில் நீட்டினால் பாதி வேலைதான் நடக்கும். ஒரு மணி நேரம். அடுத்த ஒன்றிரண்டு மணிக்குள் நன்றாக ஒருமுறை சிறுநீர் போகும், ராத்திரி 12.20-க்குப் போக வேண்டியதை 7 மணிக்கே கழித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். இதை ராத்திரி 10 மணிக்குச் செய்தால் பிரயோஜனமில்லை, கட்டிலில் படுப்பதும் இதுவும் ஒன்றாகிவிடும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, முழங்கால் வரைக்கும் வருகிற அழுத்தக் காலுறை. இறங்கி நடமாடிவிட்டுப் போட்டால் நீர் அதற்குள் இறங்கிவிட்டிருக்கும். காலில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் கேட்காமல் இதைப் போடக் கூடாது.

தைக்கும்போது ஒவ்வொரு பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) தீரும்போதும் எழுந்து நின்று இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குவேன். பாபின் எனக்கு மணியடிக்கிற மாதிரி. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

பலனை எப்படி அறிவது? இன்ச் டேப். காலையில் எழுந்ததும் கணுக்கால் 8½ இன்ச், ராத்திரி படுக்கும்போது 9¼. முக்கால் இன்ச் வித்தியாசம். இரண்டு வாரத்தில் அது கால் இன்ச்சாகக் குறைந்தது. 12.20 விழிப்பு போய், முதல் தடவை எழுந்தது 2.40-க்கு. படுத்ததிலிருந்து முதல் விழிப்பு வரைக்குமான தூக்கத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மொத்தத்தில் எத்தனை தடவை என்பதைவிட, முதல் தடவை எத்தனை மணிக்கு என்பதைத் தள்ளிப்போடுவது உடம்புக்குப் பெரிய லாபம். இரண்டு தடவை எழுந்தாலும் அன்று எனக்கு நூல் கோர்க்க முடிந்தது.

நான் செய்த இரண்டு முட்டாள்தனங்கள்

ஒன்று, தண்ணீரை நிறுத்தியது. குவளை வருவதற்கு முந்தைய காலம் அது. மத்தியானத்துக்கு மேல் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை என்று வைராக்கியம். எழுந்திருப்பது ஒரு தடவைகூடக் குறையவில்லை, ஏனென்றால் ராத்திரி வெளியேறிய தண்ணீர் காலில் இருந்தது, டம்ளரில் இல்லை. மலச்சிக்கல் வந்தது (இறுகின மலம் பையை அழுத்தி, அவசரத்தைக் கூட்டும்). சிறுநீர் கடுத்து, எரிச்சல் வந்து, கடைசியில் தொற்றாகி ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதாயிற்று. இப்போது பகலில் தாராளமாகக் குடிக்கிறேன், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் மட்டும் வாய் நனைக்கிற அளவு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு கட்டியிருப்பவர்கள் அந்த அளவிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, காலில் நீர் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு நீர் மாத்திரை வாங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டது. அன்று ஆறு தடவை. பின்னால் தெரிந்தது: ஃபுரோசமைட் மாதிரியான மாத்திரையின் வேலை சுமார் 6 மணி நேரம். ராத்திரி 9-க்குப் போட்டால் 3 மணி வரை ஓட்டம்தான். வேறு நோய்க்காக அந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள், அதைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னதாக, பிற்பகலுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு அந்த ஒரு மாற்றமே போதுமாக இருக்கும். நீங்களாக மாற்றாதீர்கள், நானாகச் சாப்பிட்டது போல.

உப்பு

இதை நான் கடைசியில்தான் நம்பினேன். என் மகள் படித்துச் சொன்னாள்: ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள், அதிக உப்புச் சாப்பிட்டுத் தூக்கம் கெட்ட 300-க்கும் மேற்பட்டவர்களிடம் உப்பைக் குறைக்கச் சொல்லிப் பார்த்து, முடிவை 2017-ல் லண்டனில் நடந்த ஐரோப்பியச் சிறுநீரியல் மாநாட்டில் சொன்னார்கள். நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரி எழுந்தது 2.3 தடவையிலிருந்து 1.4-ஆனது. குறைக்காமல் கூட்டினவர்களுக்கு 2.3 என்பது 2.7-ஆக ஏறியது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

காரணம் எளிது. உப்புத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பகலில் கழிக்க முடியாத உப்பை உடம்பு ராத்திரியில் தண்ணீரோடு சேர்த்துக் கழிக்கும். சமையலில் போடுகிற உப்பைவிடப் பொட்டலத்தில் வருகிற தின்பண்டத்திலும், உப்பில் ஊறவைத்த பண்டங்களிலும்தான் எனக்கு அதிகம் போய்க்கொண்டிருந்தது. ராத்திரியில் மட்டும் அவற்றை விட்டேன். ஒரு வாரம் நாக்குக்கு எல்லாம் சப்பென்றிருந்தது, பிறகு பழகிவிட்டது.

காபி, டீ பற்றி எல்லோரும் சொல்வார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்: கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது, சாயங்காலம் 6 மணி டீயின் பாதி 11 மணிக்கும் உங்களோடு படுத்திருக்கும். மது, சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அடக்கிவிடும். அந்த ஹார்மோன் இளவயதில் ராத்திரியில் கூடும், அதனால்தான் பிள்ளைகள் எட்டு மணி நேரம் அசையாமல் தூங்குகிறார்கள். வயது ஏற ஏற அந்த ராத்திரி ஏற்றம் மங்கும். "வயசாச்சு" என்ற என் தீர்ப்பில் உண்மை அவ்வளவுதான் இருந்தது.

அவர் நோட்டு

அவருக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், ஒருமுறை நிரம்பிய பையோடு, ஒருமுறை போய்விட்டு வந்த பிறகு. போய்விட்டு வந்த பிறகும் 160 மில்லி தங்கியிருந்தது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை வாசலைச் சுற்றி இருக்கிற புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வாசலை நெருக்கியதால் பை முழுதாகக் காலியாவதில்லை. பாதி நிரம்பிய பானையில் ஊற்றினால் சீக்கிரம் வழியும், அதே கணக்கு. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குச் சிறுநீர் தொடங்கத் தாமதமாவது, விட்டு விட்டு வருவது, வேகம் குறைவது, கடைசியில் சொட்டுவது இவை கூடவே இருந்தால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

அந்த வாசலைத் தளர்த்துகிற டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள். வேகம் ஒரு வாரத்திலேயே சரியானது. ஆனால் ராத்திரி எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டுக்குத்தான் வந்தது. புரோஸ்டேட் மருந்துகள் பகல் தொந்தரவைக் குறைக்கிற அளவுக்கு ராத்திரியைக் குறைப்பதில்லை என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள், அதனால் ஏமாற்றம் இல்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சடக்கென்று எழக் கூடாது, தலை சுற்றும்.

பையில் தங்குகிற மிச்சத்தைக் குறைத்தது ஒரு மாத்திரையும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு தடவை: போய் முடித்ததும் உடனே எழாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, திரும்ப முயல்வது. முதல் நாள் இரண்டாவது முயற்சியில் 70 மில்லி வந்தது, குவளை சாட்சி. உட்கார்ந்து போங்கள் என்று அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆண்கள் அரைத்தூக்கத்தில் நின்றுகொண்டு போவதில் மயங்கி விழும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு பாடம் ஜலதோஷத்தில் கிடைத்தது. மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை போட்டார், அன்று ராத்திரி சிறுநீர் வரவே சிரமப்பட்டார். மூக்கின் ரத்தக் குழாய்களை இறுக்கி அடைப்பைத் திறக்கிற மருந்து புரோஸ்டேட் வாசலையும் இறுக்கும். சில பழைய அலர்ஜி மாத்திரைகள் பையைச் சோம்பலாக்கும். புரோஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் ஜலதோஷ மாத்திரையைக்கூடக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கொஞ்சமாகப் போவதற்குப் புரோஸ்டேட் தவிர வேறு காரணங்களும் உண்டு: தொற்று, கல், அளவுக்கு மீறித் துடிக்கிற பை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடம் மெலிந்து வறண்டு, அவசரமும் எரிச்சலும் வரலாம். உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலருக்கு உதவுகிறது. பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, மருத்துவரும் கேட்காமல், வருஷங்கள் போய்விடுகின்றன. நீங்களே சொல்லுங்கள்.

அவசரம் வந்ததும் ஓடாமல் இருக்கப் பழகுவது ஒரு தனிக் கலை. நின்ற இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல அடித்தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கி விடுங்கள். அலை மாதிரி ஏறி, தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடங்கள். பகலில் 'எதற்கும் போய்விட்டு வரலாம்' என்று அரைமணிக்கொரு தடவை போகிற பழக்கம் பையைச் சின்னதாகப் பழக்கிவிடும். இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிஷம் கூட்டி, மூன்று மணி வரை கொண்டுபோகலாம். பை முழுதாகக் காலியாகாதவர்களுக்கு இந்தத் தள்ளிப்போடும் பயிற்சி கூடாது, என் வீட்டுக்காரரையும் சேர்த்து.

தம்பியின் குறட்டை

எங்கள் இரண்டு பேர் கதையைக் கேட்டுவிட்டு என் தம்பியும் குவளை வாங்கினான். 49 வயது. ராத்திரி நாலு தடவை, ஒவ்வொன்றும் 300-க்கு மேல். கால் வீக்கமில்லை, சர்க்கரை இல்லை, உப்பு அதிகமில்லை. நோட்டில் 'எழுப்பியது எது' என்ற வரியில் அவன் மனைவி எழுதியிருந்தாள்: "குறட்டை நின்றது, மூச்சும் நின்றது, திணறி எழுந்தார், பிறகு ஒண்ணுக்குப் போனார்." நாலு தடவையும் அதே.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்போது நெஞ்சு, மூடிய வழியில் காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்த இழுப்பில் இதயத்தின் மேலறை விரிகிறது. விரிந்ததும் 'ரத்தம் அதிகமாகிவிட்டது' என்று நினைத்து, சிறுநீரைக் கூட்டுகிற ஒரு ஹார்மோனை விடுகிறது. மூச்சுத் தடைக்கு மருந்து சிறுநீர் டாக்டரிடம் கிடைக்காது, தூக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிபேப் கருவி (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்வது) மாட்டிய முதல் வாரத்திலேயே அவன் ஒரு தடவைக்கு வந்துவிட்டான். காலையில் தலைவலி, வாய் உலர்ந்து கிடப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவது, உரத்த குறட்டை, இவற்றோடு ராத்திரிச் சிறுநீரும் சேர்ந்தால் இதை நினையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, கிரியேட்டினின், ரத்தத்தில் சோடியம் போன்ற உப்புகளின் அளவு, தேவையென்றால் அல்ட்ராசவுண்ட், அநேகமாக இவைதான் கேட்பார்கள். ராத்திரி உற்பத்தியைக் குறைக்க டெஸ்மோபிரெசின் என்று ஒரு மருந்து உண்டு. வாசோபிரெசினின் வேலையைச் செய்யும், நன்றாகவே செய்யும். ஆனால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. ஆரம்பித்த முதல் வாரத்திலிருந்தே ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. தெரிந்தவர் சாப்பிடுகிறார் என்று வாங்கிவிடாதீர்கள்.

நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத சில உண்டு. சிறுநீரில் ரத்தம், வலி இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும். சிறுநீர் அடைத்துக்கொள்வது. காய்ச்சலும் குளிரும் எரிச்சலும் சேர்ந்து வருவது. தாங்காத தாகம், காரணமில்லாமல் எடை குறைவது. பெரியவர்கள் புதிதாகப் படுக்கையை நனைப்பது; பை தளும்பி வழிகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். கால்களோ இருக்கையில் படுகிற இடமோ திடீரென்று மரத்துப்போவது.

மற்றபடி எண்ணிக்கை குறைகிற வரைக்கும் விழாமல் இருக்க வேண்டுமே. கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே தரையோடு தரையாக ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு போதும்; பெரிய விளக்கைப் போட்டால் போன தூக்கம் திரும்பாது. எழுந்து அரை நிமிஷம் கட்டில் விளிம்பில் உட்காருங்கள். வழியில் மிதியடி, விரிப்பு, வயர் எதுவும் வேண்டாம். நடக்கச் சிரமப்படுகிறவருக்குக் கட்டிலருகே பாட்டிலோ கமோடு நாற்காலியோ வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, இடுப்பு எலும்பு ஒடிவதுதான் குறைச்சல்.

என் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. கால் வீக்கம் இறங்கி, உப்பு இறங்கி, எல்லாம் சரியான பிறகும் 3.30-க்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. அளந்து பார்த்தால் 90 மில்லி. 310 தாங்குகிற என் பையை 90 மில்லி எழுப்பாது. ஒன்றரை வருஷம் அந்த நேரத்துக்கு எழுந்து எழுந்து உடம்பு கடிகாரம் வைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது 3.30-க்கு விழித்தால் எழுவதில்லை, மணி பார்ப்பதில்லை, பத்து நிமிஷம் புரண்டு படுக்கிறேன். பாதி நாள் தூங்கிவிடுகிறேன். மீதி நாள் எழுந்து போகிறேன், குவளையைத் தொடாமல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மறுபடி மூன்று நாள் எழுதுகிறோம். போன வாரப் பக்கம்: எனக்கு 2.50-க்கு 280, காலையில் 310, கணுக்கால் 8½, 8¾. அவருக்கு இரண்டு தடவை, 170, 190. அவர் நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "எழுப்பியது எது — பக்கத்துக் குறட்டை." என்னைச் சொல்கிறார்.